சின்ன ஊர், புது ஆள், கடவுள்: எந்த நாவலில் தொடங்குவது?

சின்ன ஊரில் நடக்கிற கதையாக இருக்க வேண்டும். கடவுள் நம்பிக்கை இருக்க வேண்டும். வெளியிலிருந்து யாராவது வந்து சேர வேண்டும். படித்து மூடும்போது மனசு நிறைந்திருக்க வேண்டும். இந்த நான்கு நிபந்தனைகளோடு ஒரு நாவல் கேட்பவர்கள் நிறையப் பேர். கேட்டவுடனே நாலைந்து பெயர்கள் நாக்கு நுனிக்கு வந்துவிடும். அவற்றில் எதைச் சொல்வது என்பதில்தான் சிக்கல். எல்லாமே நல்ல புத்தகங்கள், ஆனால் ஒன்றைக் கேட்டு வந்தவரிடம் இன்னொன்றைக் கொடுத்தால் இருபதாவது பக்கத்தில் மூடி வைத்துவிடுவார்.

முதலில் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடலாம். இத்தாலியின் போ நதிச் சமவெளியில், பாதிரியாரும் கம்யூனிஸ்ட் மேயரும் ஓயாமல் மல்லுக்கட்டுகிற டான் கமிலோ கதைகள் (1948) எனக்கு உயிர். சிலுவையில் இருக்கும் கிறிஸ்துவே பாதிரியாரைக் கடிந்துகொள்வார். ஆனால் அங்கே சண்டை முழுக்க உள்ளூர்க்காரர்களுக்குள்தான், வந்து சேர்பவர் என்று யாரும் மையத்தில் இல்லை. கென்ட் ஹாரஃப் எழுதிய 'பிளெயின்சாங்' (1999) நாவலில், திருமணமாகாத இரண்டு வயதான பண்ணைக்கார அண்ணன் தம்பிகள், வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒரு கர்ப்பிணிப் பெண்ணைத் தங்களோடு வைத்துக்கொள்கிறார்கள். இதம் என்றால் அப்படி ஒரு இதம். ஆனால் அதன் தலைப்பு தேவாலயத்தில் பக்கவாத்தியம் இல்லாமல் பாடுகிற ஒற்றைக்குரல் பாட்டைக் குறிக்கிறதே தவிர, உள்ளே நம்பிக்கை பற்றிய பேச்சு குறைவு. இரண்டையும் வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மிச்சமிருப்பவற்றை எப்படிப் பிரிப்பது? 'இதில் கடவுள் பேச்சு அதிகம், அதில் கொஞ்சம்' என்று நான் ஒரு காலத்தில் பிரித்து வைத்திருந்தேன். அது உதவவில்லை. இப்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டுப் பார்க்கிறேன்: கதை முடியும்போது யார் மாறியிருக்கிறார்? வந்தவரா, ஊரா, ஊரின் போதகரா? இதற்குக் கிடைக்கிற பதிலை வைத்தே அந்தப் புத்தகம் எந்த மாதிரி இதத்தைத் தரும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

எளிதானதிலிருந்து தொடங்குகிறேன். ஜான் கேரன் எழுதிய 'அட் ஹோம் இன் மிட்ஃபோர்ட்' 1994இல் வந்தது. அதற்கு முன்பு வட கரோலினா மலைப்பகுதியில் உள்ள ப்ளோயிங் ராக் என்ற ஊரின் செய்தித்தாளில் வாராவாரம் தொடராக வந்த கதை அது. படிக்கும்போதே அந்தத் தொடர்கதைத் தன்மை தெரியும். சின்னச் சின்ன அத்தியாயம், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிச் சிக்கல், அது அவிழ்வதற்குள் அடுத்தது. டிம் பாதிரியாருக்கு வயது அறுபது, கல்யாணம் ஆகவில்லை, சர்க்கரை நோய் வேறு. அவர் வாழ்க்கைக்குள் ஒவ்வொருவராக நுழைகிறார்கள். முதலில் ஒரு பிரம்மாண்டமான கறுப்பு நாய். அதை அடக்க ஒரே வழி பைபிள் வசனத்தைச் சத்தமாகச் சொல்வதுதான். அப்புறம் டூலி என்கிற முரட்டுப் பையன். அப்புறம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த, குழந்தைகளுக்குப் புத்தகம் எழுதுகிற சிந்தியா. தேவாலயத்தின் மாடத்தில் ஒளிந்திருக்கும் ஒரு நகைத்திருடன்கூட உண்டு. கீழே பாதிரியார் வேறொருவரோடு சேர்ந்து செய்யும் ஜெபத்தை மேலிருந்து கேட்டு அவன் மனம் திரும்புகிற இடம், நம்ப முடியாததாக இருந்தாலும், படிக்கும்போது கண் கலங்கத்தான் செய்கிறது.

இதில் மாறுபவர்கள் வந்தவர்கள். ஊர் அப்படியேதான் இருக்கிறது, ஏற்கெனவே நல்ல ஊர். மிட்ஃபோர்டுக்குள் யார் வந்தாலும் அது அவர்களைத் தன் மடியில் போட்டுக்கொள்ளும். உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கும்போது, அல்லது துக்கம் நடந்த வீட்டில் இரவு தூக்கம் வராதபோது, இதைவிடப் பொருத்தமான புத்தகம் எனக்குத் தெரியாது. பத்துக்கும் மேற்பட்ட நாவல்களாக நீள்கிற வரிசை என்பதால் முடிந்துவிடுமே என்ற கவலையும் வேண்டாம். ஆனால் கதையில் ஏதாவது பணயம் வைக்கப்பட வேண்டும், ஊர் ஒரு தடவையாவது தப்புச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு மூன்றாவது அத்தியாயத்திலேயே திகட்டிவிடும். எனக்கும் சில நாட்களில் திகட்டியிருக்கிறது.

ஜார்ஜ் எலியட்டின் 'சிலாஸ் மார்னர்' (1861) அதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. சிலாஸ் ஒரு நெசவாளி. வட இங்கிலாந்தின் தொழில் நகரம் ஒன்றில், லான்டர்ன் யார்டு என்ற சந்துக்குள் இருக்கும் ஒரு சின்ன, இறுக்கமான சபையில் உறுப்பினர். சபைப் பணத்தை அவர் திருடிவிட்டதாக, உயிர்த்தோழனே பழியைத் திருப்பிவிடுகிறான். சபையார் விசாரிக்கவில்லை, ஜெபம் செய்து சீட்டுப் போடுகிறார்கள். சீட்டு அவரைக் குற்றவாளி என்கிறது. கடவுளே பொய்ச்சாட்சி சொல்லிவிட்டார் என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது. நிச்சயித்த பெண் அந்தத் தோழனையே கட்டிக்கொள்கிறாள். சிலாஸ் எங்கோ தெற்கே ரேவலோ என்ற கிராமத்தில் போய் விழுகிறார்.

அங்கே பதினைந்து வருடம் தனியாக நெய்கிறார், பொற்காசு சேர்க்கிறார், ராத்திரியில் எண்ணிப் பார்க்கிறார். ஊருக்கு அவரைக் கண்டால் ஒரு பயம், ஒரு அருவருப்பு. யாரும் அடித்து விரட்டவில்லை, யாரும் உள்ளே கூப்பிடவும் இல்லை. சின்ன ஊர்களில் புதியவர்களுக்கு உண்மையாகவே நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். பகையைவிட இந்த நீண்ட அலட்சியத்தை எழுதுவது கடினம். எலியட் அதைப் பதற்றமில்லாமல் எழுதியிருக்கிறார்.

ஒருநாள் அவர் கதவைப் பூட்டாமல் வெளியே போன நேரத்தில் பொற்காசெல்லாம் திருடு போகிறது. சில வாரம் கழித்து, புத்தாண்டுக்கு முந்தின இரவு, பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்து நிற்கிறார். அவருக்கு அவ்வப்போது உடல் மரத்து நினைவு தப்பிப்போகிற நோய் உண்டு. அப்படி அவர் சிலையாக நிற்கிற நேரத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று திறந்த கதவு வழியே தத்தித் தத்தி உள்ளே வந்து கணப்பின் முன் படுத்துத் தூங்கிவிடுகிறது. வெளியே பனியில் அதன் தாய் இறந்துகிடக்கிறாள். நினைவு திரும்பிய சிலாஸ், மங்கலான பார்வையில் குழந்தையின் பொன்னிறத் தலைமுடியைப் பார்த்து, தன் காசு திரும்பி வந்துவிட்டதென்று கையை நீட்டுகிறார். தொடுகிற விரலுக்குக் கிடைப்பது மெத்தென்ற சுருள்முடி.

கதவு திறந்து கிடந்ததால் ஒன்று போயிற்று, திறந்து கிடந்ததால் ஒன்று வந்தது. எலியட் இதை வாசகருக்கு விளக்கிச் சொல்வதே இல்லை.

நம்பிக்கை விஷயத்தில் இந்த நாவலின் இதயம் டாலி வின்த்ராப் என்ற பெண்மணி. வண்டிச்சக்கரம் செய்பவரின் மனைவி. திருட்டுக்குப் பிறகு சிலாஸுக்குத் தான் சுட்ட கேக்குகளைக் கொண்டு வருகிறார். அவற்றின் மேல் இயேசுவின் பெயரைக் குறிக்கும் ஐ.எச்.எஸ். என்ற எழுத்துகள் குத்தப்பட்டிருக்கின்றன. தேவாலயத்துப் பிரசங்க மேடைத் துணியில் அதே எழுத்துகள் இருப்பதால் ஏதோ நல்லதாகத்தான் இருக்கும் என்பது டாலியின் நினைப்பு. அவருக்குப் படிக்கத் தெரியாது. சிலாஸுக்கு எழுத்துத் தெரியும், பொருள் தெரியாது. சாத்திரம் பேசிய சபை அவரைத் துரத்தியது. பொருள் தெரியாத எழுத்தைக் கேக்கில் குத்திக் கொண்டுவந்த பெண் அவரை மனிதர்களிடம் திரும்பக் கூட்டி வருகிறார். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று சொல்வதும் டாலிதான். அதற்காகவே சிலாஸ் அந்த ஊர்த் தேவாலயப் படியை முதல்முறையாக ஏறுகிறார்.

இதை எழுதியவர் இருபத்திரண்டு வயதில் தேவாலயத்துக்குப் போக மறுத்துத் தன் தந்தையோடு மனஸ்தாபம் கொண்டவர். ஸ்ட்ராஸ் ஜெர்மன் மொழியில் எழுதிய, நற்செய்திகளின் அற்புதங்களைக் கேள்வி கேட்கும் நூலை 1846இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவரும் அவரே. அப்படிப்பட்டவர் டாலியை ஒரு இடத்திலும் கேலி செய்யவில்லை. அதனால்தான் நம்பிக்கையுள்ளவர், இல்லாதவர் இரண்டு பேருக்குமே கூச்சமில்லாமல் கொடுக்கக்கூடிய புத்தகமாக இதை நினைக்கிறேன். மாறுவது வந்தவரும்தான், ஊரும்தான். ஒரு குழந்தையை வளர்க்க அவர் படும் பாட்டைப் பார்த்து ஊர் மெல்லத் தன் பார்வையை மாற்றிக்கொள்கிறது.

குழந்தை என்று வந்துவிட்டால் 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' (1908) பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடக்கூடாது. எல். எம். மான்ட்கமரி எழுதியது, கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் நடப்பது. ஆண்பிள்ளை வேண்டுமென்று கேட்ட அண்ணன் தங்கையிடம் தவறுதலாகப் பதினொரு வயதுப் பெண் வந்து சேர்கிறாள். வந்த இரண்டாவது இரவில், தன் தலைமுடியைக் கடவுள் வேண்டுமென்றே சிவப்பாகப் படைத்துவிட்டார், அதிலிருந்து அவரைப் பற்றித் தனக்கு அக்கறையில்லை என்கிறாள். அந்தத் தங்கை மாரில்லா அதிர்ந்துபோகிறாள். பிறகு அவள் செய்கிற முதல் ஜெபம், கடிதம் முடிப்பதுபோல 'தங்கள் பணிவுள்ள' என்று கையெழுத்தோடு முடிகிறது. வீட்டில் சின்னவர்கள் இருந்து எல்லோரும் சேர்ந்து படிப்பதானால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான். தனியாகப் படிக்கிற பெரியவருக்கு முதல் பாதி கொஞ்சம் அதிகமாகப் பேசும்.

அடுத்தது எச்சரிக்கையோடு சொல்ல வேண்டிய புத்தகம். ஜோன் ஹாரிஸின் 'ஷோகோலா' (1999). பிரான்சின் தென்மேற்கில் லான்ஸ்கெனே என்ற கற்பனை ஊர். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாள், திருவிழாக் காற்றோடு வியான் ரோஷே என்ற பெண் ஆறு வயது மகளோடு வந்திறங்கி, தேவாலயத்துக்கு எதிரிலேயே சாக்லேட் கடை திறக்கிறாள். ஊரே உபவாசம் இருக்க வேண்டிய நாற்பது நாளில்! வியானும் பாதிரியார் ரேனோவும் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். புருஷனிடம் அடிவாங்கும் பெண், ஆற்றுப் படகுகளில் வந்து தங்கும் நாடோடிகள், ஊர் ஒதுக்கிவைத்த கிழவி என்று எல்லோரும் கடைக்குள் வந்து ஆறுதல் அடைகிறார்கள். படித்தால் இனிக்கும், சந்தேகமில்லை. ஆனால் இங்கே நம்பிக்கையின் பிரதிநிதியே வில்லன். வியான் வெல்ல வேண்டுமானால் பாதிரியார் கேவலப்பட வேண்டும், படுகிறார். 2000ஆம் ஆண்டு வந்த திரைப்படம் அந்த வில்லன் வேடத்தைப் பாதிரியாரிடமிருந்து எடுத்து ஊர் மேயருக்குக் கொடுத்துவிட்டது. படத்தைப் பார்த்துவிட்டு 'ஆகா, எவ்வளவு மென்மையான கதை' என்று நாவலை வாங்குபவர்கள் திகைப்பதற்கு அதுவே காரணம். பக்தியுள்ள பெரியவருக்குப் பரிசாகக் கொடுக்கிற எண்ணமிருந்தால் ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசியுங்கள்.

ஆனால் ஹாரிஸ் இதோடு நிறுத்தவில்லை. 2012இல் வந்த 'பீச்சஸ் ஃபார் மொஸ்யூ லெ க்யூரே' நாவலில் வியான் அதே ஊருக்குத் திரும்பி வருகிறாள். இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்கள் குடியிருக்கின்றன. பள்ளிவாசல் கோபுரம் எழுந்திருக்கிறது, ரமலான் மாதம். வியானின் பழைய கடை இருந்த கட்டடம் முஸ்லிம் பெண்குழந்தைகளின் பள்ளியாகி, அதுவும் தீப்பிடித்து எரிந்திருக்கிறது. தீ வைத்தவர் என்று ஊர் சந்தேகப்படுவது யாரை? அதே ரேனோவை. முதல் புத்தகத்தில் மற்றவர்களை ஒதுக்கியவர் இதில் தானே ஒதுக்கப்படுகிறார். தன் பழைய வில்லனுக்கு நியாயம் செய்ய ஒரு எழுத்தாளர் பதின்மூன்று வருடம் கழித்துத் திரும்பி வருவது அபூர்வம். 'நம்பிக்கையும் புதியவர்களும்' என்ற விஷயத்துக்கு உண்மையில் நெருக்கமானது இந்த இரண்டாவது புத்தகம்தான். முதலாவதைப் படிக்காமல் இதற்குள் போனால் பாதி ருசி போய்விடும் என்பதுதான் சங்கடம்.

நேரம் இல்லை, ஒரே மாலையில் முடிய வேண்டும் என்பவர்களுக்கு ஐசக் டினெசனின் 'பாபெட்டின் விருந்து'. நாவல் இல்லை, நீளமான சிறுகதை. 1950இல் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகை ஒன்றில் வந்து, 1958இல் தொகுப்பில் சேர்ந்தது. நார்வேயின் வடகோடியில் பெர்லெவாக் என்ற கடலோர ஊர். காலமான போதகர் ஒருவரின் இரண்டு மகள்கள், குறைந்துகொண்டே போகும் அவருடைய பழைய பக்திக் குழு. 1871இல் பாரிஸ் கம்யூன் என்ற மக்கள் எழுச்சி நசுக்கப்பட்டபின் தப்பி வந்த பாபெட் அவர்கள் கதவைத் தட்டுகிறாள். கருவாடும் ரொட்டிக் கஞ்சியும் சமைத்தபடி பன்னிரண்டு வருடம் போகிறது. பிறகு லாட்டரியில் பத்தாயிரம் பிராங்கு விழுகிறது. அத்தனையையும் போதகரின் நூறாவது பிறந்தநாளுக்கு ஒரே ஒரு இரவு விருந்தில் செலவழித்துவிடுகிறாள்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை, பக்திக் குழுவினர் எல்லோரும் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு உட்காருவது. ருசி பாவம் அல்லவா! ஆனாலும் பல வருடப் பகை ஒவ்வொன்றாக அந்த மேசையில் கரைகிறது. கரைத்தது எது என்று அவர்களுக்குத் தெரிவதேயில்லை. யார் மாறினார்கள் என்ற என் கேள்விக்கு இந்தக் கதையில் கிடைப்பது விசித்திரமான பதில்: ஊர் மாறிவிட்டது, ஆனால் ஊருக்கே அது தெரியாது. பாபெட்டுக்கு நன்றி சொல்கிற அளவுக்கு யாருக்கும் விஷயம் புரியவில்லை. இதம் மட்டும் வேண்டும் என்று வந்தவர், அவள் ஒரு காலத்தில் யாருக்குச் சமைத்தாள், அவர்கள் அவள் குடும்பத்துக்கு என்ன செய்தார்கள் என்று கடைசியில் தெரியவரும்போது சற்று நிலைகுலைவார். அது குறையல்ல.

கடைசியாக, என் அலமாரியில் மிக நைந்துபோன புத்தகம். மரிலின் ராபின்சன் தன் முதல் நாவலுக்குப் பிறகு இருபத்து நான்கு வருடம் கழித்து 2004இல் 'கிலியட்' எழுதினார். அடுத்த வருடமே அதற்குப் புலிட்சர் பரிசு. அயோவா மாநிலத்தின் கற்பனைச் சிற்றூரில், 1956இல், இதயநோயால் இறக்கப்போகும் எழுபத்தாறு வயதுப் போதகர் ஜான் ஏம்ஸ் தன் சின்ன மகனுக்கு எழுதும் நீண்ட கடிதம். பலரும் இதையே பரிந்துரைப்பார்கள். நான் முதலில் 'லைலா'வைக் கொடுப்பேன். 2014இல் வந்த அந்த நாவல் ஏம்ஸின் மனைவியின் பார்வையில் நடக்கிறது.

லைலா ஊர் ஊராகத் திரிந்து வயல்வேலை செய்து வளர்ந்தவள். மழைக்கு ஒதுங்கக் கிலியட் தேவாலயத்துக்குள் நுழைகிறாள். அன்று பெந்தெகொஸ்தே ஞாயிறு. கிழப் போதகர் அவளைப் பார்த்து நிலைகுலைந்துபோகிறார். பிறகு ஒருநாள், அவருடைய முதல் மனைவியின் கல்லறையில் ரோஜாச் செடிகளைப் பராமரித்த உதவிக்கு எப்படிக் கைமாறு செய்வது என்று அவர் கேட்க, என்னைக் கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்று பட்டென்று சொல்கிறாள். அவரும் சரி என்கிறார். ஆனால் அங்கே கதை சுபமாக முடிந்துவிடுவதில்லை. அவள் ஞானஸ்நானம் பெறுகிறாள். அப்புறம் தன்னை வளர்த்த டாலுக்கு (டாலி அல்ல, இது வேறொருத்தி) சொர்க்கத்தில் இடமில்லை என்றால் தனக்கும் வேண்டாம் என்று ஆற்றில் இறங்கி அந்த ஞானஸ்நானத்தைக் கழுவிவிடுகிறாள். பைபிளின் எசேக்கியேல் ஆகமத்தை நோட்டில் திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கிறாள். கைவிடப்பட்ட பச்சைக்குழந்தையைப் பற்றிய அந்தப் பதினாறாம் அதிகாரத்தில் அவள் தன்னையே காண்கிறாள். எழுபதை நெருங்கும், நாள்தோறும் பைபிள் படித்த போதகர், விஷயங்கள் ஏன் இப்படி நடக்கின்றன என்ற அவள் கேள்விக்குப் பதில் தேடித் தேடி ஓய்ந்துபோகிறார். மாறுபவர் போதகர். இந்தப் பட்டியலில் வேறெங்கும் இது இப்படி நடக்கவில்லை.

அத்தியாயப் பிரிவே இல்லாத நாவல் அது. நினைவுகள் முன்னும் பின்னும் போகும். பேருந்தில் உட்கார்ந்து ஐந்து பக்கம் படிக்கிற புத்தகம் அல்ல. லைலாவுக்குப் பிறகு 'கிலியட்' படித்தால் அதன் இருட்டான பக்கமும் கண்ணில் படும். அடிமைமுறையை எதிர்த்தவர்கள் உருவாக்கிய ஊர் அது. அங்கிருந்த கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் ஒருமுறை சின்னத் தீ. அந்தச் சபையே ஊரைவிட்டுப் போய்விட்டது. கிழவர் அதை ஏதோ சின்ன விஷயம்போல ஒதுக்கிவிட்டு நகர்கிறார். நாவலின் கடைசிப் பகுதியில், கறுப்பினப் பெண்ணை மனைவியாக நினைத்து வாழும் நண்பரின் மகன் ஜாக், இந்த ஊரில் குடும்பத்தோடு வாழ முடியுமா என்று கேட்டு நிற்கும்போது அந்தத் தீ திரும்ப நினைவுக்கு வரும். இதமான நாவல் கேட்டவருக்கு இதைக் கொடுப்பது நியாயமா என்று கேட்கலாம். அவர் மிட்ஃபோர்டைப் படித்து 'எல்லாம் நல்லவர்களாகவே இருக்கிறார்களே' என்று அலுத்துக்கொண்டவராக இருந்தால், நியாயம்தான்.

சரி, ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும், கேட்பவரைப் பற்றி எதுவும் தெரியாது என்றால் நான் 'சிலாஸ் மார்னர்' என்பேன். அளவில் சின்னது. காப்புரிமை காலாவதியானதால் ஆங்கில மூலம் குட்டன்பர்க் தளத்தில் இலவசம். அழவும் வைக்கும், ஆனால் ஏமாற்றாது. ஒரு வாசகர் வட்டத்தில் விவாதிப்பதற்கு என்றால் மட்டும் ஹாரிஸின் இரண்டையும் அடுத்தடுத்த மாதங்களில் வைப்பேன், சண்டை நன்றாக நடக்கும்.

சிலாஸை எடுப்பவர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். ஆறாம் அத்தியாயத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். ரெயின்போ என்ற மதுக்கடையில் ஊர்ப் பெரிசுகள் கொச்சை மொழியில் ஒரு பசுமாட்டைப் பற்றியும் பேய் உண்டா இல்லையா என்றும் பக்கம் பக்கமாக வழக்காடுவார்கள். கதை எங்கே போகிறது என்று எரிச்சல் வரும். தாண்டிக் குதிக்காமல் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த அத்தியாயம் தொடங்கும்போது, பேய் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அத்தனை பேர் நடுவிலும் வெளுத்த முகத்தோடு சிலாஸ் வந்து நிற்கிறார். பதினைந்து வருடம் அந்த ஊரில் இருந்தவரை அன்றைக்குத்தான் நெருப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, 'சொல்லப்பா, என்ன நடந்தது' என்று கேட்கிறார்கள்.